உடுப்புக் கிளிப்பும் கச்சான் காற்றும்

பழைய மாதிரி விமானக் கிளப்புகளின் படங்களை உற்றுப் பார்த்தால் மைதான ஓரத்தில் ஒரு பலகை நிற்பது தெரியும். அதில் வரிசையாக உடுப்புக் கிளிப்புகள். கொடியில் சாரம் காயப்போடும்போது மாட்டுவோமே, அதே கிளிப்தான். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கமோ நிறமோ இருக்கும். விமானம் விட வருபவர் தன் அலைவரிசைக்குரிய கிளிப்பைக் கழற்றித் தன் ரிமோட்டின் அன்ரனாவில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் பலகையில் இல்லையென்றால் அதே அலைவரிசையில் வேறு யாரோ விட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து ரிமோட்டை இயக்கினால் அவருடைய விமானம் தலைகுப்புற விழும். மாதக்கணக்கில் பல்சா மரத்தைச் சீவி, ஒட்டி, தாள் போர்த்திச் செய்தது. சண்டை வராமல் இருக்குமா?

திருகோணமலையில் ரிமோட் விமானம் விடுகிற நாங்கள் ஐந்து பேர். எங்களிடம் அந்தப் பலகை இல்லை. தேவைப்பட்டதும் இல்லை. 'உங்கட கிளப்பின்ர பேர் என்ன?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. இதைப் பற்றி யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. உலகத்தில் இந்தக் கிளப்புகள் எதற்காகப் பிறந்தனவோ, அந்தக் காரணம் நாங்கள் விமானம் விடத் தொடங்கும் முன்பே செத்துவிட்டது. எங்களைச் சேர்த்து வைத்திருப்பது வேறு காரணங்கள். அந்தக் காரணங்களில் பாதி காற்று சம்பந்தப்பட்டது, மீதி இந்த ஊரின் வரலாறு சம்பந்தப்பட்டது.

மாதிரி விமானம் வானொலியைவிட வயதில் மூத்தது. 1871 ஆகஸ்ட் 18 அன்று பரிஸ் நகரத்துத் துய்லரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரில் ஓடும் சின்ன விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். 11 விநாடி, ஏறக்குறைய 40 மீற்றர். ரைட் சகோதரர்கள் மனிதனை ஏற்றிக்கொண்டு பறந்தது அதற்கு 32 வருடங்களுக்குப் பிறகுதான். அவர்களும் சிறுவயதில் தகப்பன் வாங்கிவந்த ரப்பர் ஹெலிகொப்டர் பொம்மையில் விளையாடித்தான் இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பொம்மையும் பெனோவின் வடிவத்தைப் பின்பற்றியதே. இங்கிலாந்தில் இன்றுள்ள மாதிரி விமானச் சங்கம் 1922இல் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக இருந்த சங்கத்தின் பெயரில் பட்டமும் மாதிரி விமானமும் சேர்ந்தே இருந்தன.

அந்தச் சேர்க்கையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஐந்து பேரில் பட்டத்துக்கு முச்சை (நூலைப் பூட்டும் கயிறு) கட்டத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வல்வெட்டித்துறைக்காரர் தைப்பொங்கலுக்கு விடுகிற பட்டங்கள் பேர்போனவை. வாடைக்காற்று அவர்களுக்குத் துணை. எங்களுக்குத் துணை கச்சான். (கச்சான் என்றால் கொறிக்கிற கச்சான் கடலை நினைவுக்கு வருபவர்கள் மன்னிக்கவும். அதுவும் கடற்கரைக்கு வேண்டியதுதான்.) தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி, கிழக்குக்கு இறங்கி வரும். மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரை அடிக்கும். அப்போது தங்கூசியில் பட்டம் ஏற்றி, காற்றில் ஒலிக்கும் விண் பூட்டி, இரவு முழுக்க அது கத்துவதைக் கேட்டபடி படுத்த பிள்ளைகள் நாங்கள். முச்சையின் மேல் கயிற்றை ஒரு விரல் கூட்டினால் பட்டம் ஏறும், குறைத்தால் சுழன்று குத்தும். காற்றைத் தகடு எந்தச் சாய்வில் சந்திக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பட்டத்துக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். பட்டத்தை நூல் பிடித்து நிறுத்துகிறது, காற்று அதன்மேல் ஓடுகிறது. விமானத்துக்கு நூல் இல்லை; அது ஓடித் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டம் குறைந்தால் செட்டை காற்றைப் பிடிக்காது. அதனால்தான் புதிதாக விடுபவர் பயத்தில் மோட்டரைக் குறைத்து, மூக்கை மேலே இழுத்ததும் விமானம் கல்லுப்போல விழுகிறது. பயந்தால் மூக்கை இறக்க வேண்டும். இது மனித சுபாவத்துக்கு எதிரானது, பழகத்தான் வேண்டும். இன்னொன்று பாரம். செட்டையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். பின்பாரமான விமானத்தை எந்தக் கெட்டிக்காரனாலும் காப்பாற்ற முடியாது.

சரி, ரேடியோவுக்கு வருவோம். 1898இல் நிக்கொலா டெஸ்லா நியூயோர்க்கில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சின்னப் படகொன்றைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். அதை ஆகாயத்துக்குக் கொண்டுபோக மேலும் நாற்பது வருடம் எடுத்தது. காரணம் எடை. வால்வு ரேடியோவும் அதற்கான பற்றரியும் சுமக்க எட்டு அடிச் செட்டையாவது வேண்டும். வோல்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937இல் மிச்சிகனில் பறக்கவிட்ட 'குஃப்' அப்படிப்பட்டது. இன்று அது வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

அந்தக் காலத்து ரிமோட்டில் ஒரேயொரு பொத்தான். விமானத்துக்குள் முறுக்கிய ரப்பர் பட்டி ஒன்று, அதைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு கொக்கி. பொத்தானை ஒருமுறை அமத்தினால் கொக்கி விட்டு, ரப்பர் கால் சுற்றுச் சுற்றி, சுக்கான் வலப்பக்கம் திரும்பும். இரண்டு முறை அமத்தினால் இடப்பக்கம். விட்டால் நேர். எத்தனை தரம் அமத்தினோம் என்பதை மறந்துபோனால் கதை முடிந்தது. ரப்பரின் முறுக்கு தீர்ந்துபோனாலும் முடிந்தது. திரான்சிஸ்டர் வந்து, 1960களில் கைப்பிடியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுக்குச் சுக்கான் திரும்பும் முறை வந்த பிறகுதான் இதை ஓட்டுதல் என்று சொல்ல முடிந்தது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. விநாடிக்கு 50 தடவை, விமானத்துக்குள் இருக்கும் றிசீவரிலிருந்து, சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டரான சேர்வோவுக்கு ஒரு துடிப்புப் போகும். துடிப்பு ஒரு மில்லி விநாடி நீளமென்றால் ஒரு கோடி, இரண்டு மில்லி விநாடி என்றால் மறுகோடி, ஒன்றரை என்றால் நடு. எங்கள் 9 கிராம் சேர்வோவுக்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான்.

கிளிப் பலகை இங்கேதான் வருகிறது. பிரித்தானியாவில் மாதிரி விமானங்களுக்கு முதலில் பயன்பட்ட 27 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் வழக்கமாக இருந்தவை ஆறு அலைவரிசைகள். மண்ணிறம், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறம். அன்ரனாவில் அந்த நிறத் துணியைக் கட்டிக்கொள்வார்கள். ஆக, ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஆகாயத்தில் இருப்பது கஷ்டம். அப்புறம் 35 மெகாஹேர்ட்ஸ் வந்து எண்ணிக்கை கூடியது, ஆனால் பிரச்சினை அதேதான்: ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் றிசீவருக்கு யார் எசமான் என்று தெரியாது. பக்கத்து வயலில் முகம் தெரியாத ஒருவர் விட்டாலும் உங்கள் விமானம் விழும். ஆகவே எல்லோரும் ஒரே மைதானத்துக்கு வந்து, ஒரே பலகையைப் பார்த்து, வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வரிசை என்றால் விதி. விதி என்றால் தலைவர், செயலாளர், சந்தா. காப்புறுதி, பயிற்சி, போட்டி எல்லாம் இதன்மேல் கட்டியவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பங்குபோட வேண்டிவந்ததால் பிறந்ததுதான் இந்தக் கிளப் என்பது என் எண்ணம். நட்பெல்லாம் பிறகு வந்தது.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்தன. ரிமோட்டும் றிசீவரும் முதல்முறை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு வேறு ரிமோட் என்ன சொன்னாலும் றிசீவர் காது கொடுக்காது. அத்தோடு, பலவற்றில் இரண்டும் பேசி வைத்தாற்போல அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். இப்படித் தாவும் யோசனைக்கு ஹெடி லமார் என்ற ஹொலிவூட் நடிகையும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலும் சேர்ந்து அமெரிக்காவில் காப்புரிமை எடுத்திருந்தார்கள். டோர்பிடோவை எதிரி குழப்பாமல் ஓட்டுவதற்காக. அது வழங்கப்பட்டது 1942 ஆகஸ்டில், திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு நாலு மாதம் கழித்து. எங்கள் கையிலிருக்கும் ரிமோட் நேராக அதிலிருந்து வந்ததென்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் கப்பல்களின் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கிளிப்பின் வேலை அன்றோடு போனது. கூடவே லித்தியம் பொலிமர் பற்றரியும், தூரிகை இல்லாத மோட்டரும், உடைந்தால் ஒட்டக்கூடிய நுரைத் தகடும் மலிந்தன. மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து எரிக்கும் எஞ்சினை விரலால் சுழற்றிச் சூடு வாங்கிய காலம் போய், யாரும் தனியாக எங்கேயும் விடலாம் என்ற நிலை வந்தது. பல நாடுகளில் கிளப்புகளின் அவசியம் குறைந்தது அப்போதுதான். எங்களுக்குச் சாமான் கைக்கு எட்டியதும் அப்போதுதான்.

எங்கள் ஊர் ஏன் இவ்வளவு பிந்தியது? ஆகாயம் தெரியாத ஊர் இல்லை இது. சீனக்குடா விமானத் தளம் பிரித்தானியர் அமைத்தது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. பிரித்தானியரின் ஹரிகேன் போர்விமானங்கள் எழும்பிப்போய்ச் சண்டை பிடித்தன. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் மூழ்கியது. இதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து நடந்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1944 ஆகஸ்ட் 10 பின்னேரம் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 50க்கு மேல் சீனக்குடாவிலிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி, சுமாத்திராவில் ஜப்பானியர் கையிலிருந்த பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போயின. அதற்காகவே ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டியிருந்தார்கள். போய்வர ஏறக்குறைய 18, 19 மணித்தியாலம். என் விமானம் ஒரு பற்றரிக்கு எட்டு நிமிடம் பறக்கும் என்பதை இந்த இடத்தில் அடக்கத்தோடு பதிவுசெய்கிறேன்.

ரேடியோவால் ஓட்டும் விமானத்துக்கும் போருக்கும் இருக்கும் உறவும் பழையதுதான். பிரித்தானியக் கடற்படைப் பீரங்கிக்காரர் சுட்டுப் பழகுவதற்காக 1935இல் 'குயீன் பீ' என்ற ஆளில்லா விமானத்தைச் செய்தார்கள். இராணித் தேனீ. 'ட்ரோன்' என்றால் ஆண் தேனீ; அந்தப் பெயர் இதிலிருந்துதான் ஒட்டியது என்பார்கள். அமெரிக்காவில் ரெஜினோல்ட் டெனி என்ற நடிகர் பொழுதுபோக்காக மாதிரி விமானக் கடை நடத்தி, கடைசியில் இராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் இலக்கு விமானம் செய்து கொடுத்தார். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணை ஒரு படப்பிடிப்பாளர் படமெடுத்தார்; அந்தப் பெண்தான் பிறகு மர்லின் மன்றோ என்ற நடிகையாக உலகத்துக்குக் கிடைத்தார். பொழுதுபோக்குக்கும் பீரங்கிக்கும் நடுவில் மெல்லிய சுவர்தான் இருந்திருக்கிறது. அரசாங்கங்கள் எங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

1957இல் பிரித்தானியர் தளத்தைக் கைவிட்டார்கள். சீனக்குடா இலங்கை விமானப்படையின் பயிற்சிக் களமானது, இப்போதும் அப்படித்தான். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைகள் ஊருக்கு மேல் வட்டமடிக்கும் சத்தம் எங்கள் காலைகளில் ஒன்று. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். 2008 ஆகஸ்ட் 26 இரவு புலிகளின் இலகுரக விமானங்கள் கடற்படைத் தளத்தின்மேல் குண்டு போட்டன. இந்த ஊரின் ஆகாயம் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போர்க்காலத்தில் ரேடியோ, பற்றரி, வயர் மூன்றும் சேர்ந்து ஒரு பையனின் பையில் இருந்தால் அது விளையாட்டுச் சாமானாகத் தெரியாது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பற்றரி கொண்டுபோகவே தடை இருந்த காலம் அது. தொண்ணூறுகளில் நான் ரப்பர் பட்டியில் ஓடும் சின்ன விமானம்தான் செய்தேன். பழைய கசற் ரெக்கோடரைக் கழற்றி அதன் மோட்டரில் விசிறி மாட்டிப் பார்க்க ஆசை. அம்மா விடவில்லை. "வயரையும் பற்றரியையும் பைக்குள்ள வைச்சுக்கொண்டு சென்றிப் பக்கம் போகாத அப்பன்" என்பார். அவர் சொன்னது சரி. என் வயதுக்காரர்களில் மாதிரி விமானப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் இருபத்தைந்து, முப்பது வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

2009இல் போர் முடிந்த பிறகு இரண்டு நடந்தன. கொழும்புக்குப் போய்வருவது லேசானது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இலத்திரன் கடைகளில் மோட்டரும் சேர்வோவும் தேடலாம், இல்லாததைச் சீனாவிலிருந்து தபாலில் எடுப்பிக்கலாம். மற்றது, அந்த வருட ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். அதற்கு முன் பாதைப் படகில் ஏறிக் கடக்க வேண்டிய தண்ணீர். அந்தப் பாலமும் அதற்கப்பால் வந்த பாலங்களும் இல்லாவிட்டால் மூதூர், கிளிவெட்டிப் பக்கத்து வயல்வெளிகளை நாங்கள் கண்டிருக்கவே மாட்டோம். ஏன் அவ்வளவு தூரம்? நகரத்துக்குள் விட முடியாது. ஒரு பக்கம் கடற்படை, ஒரு பக்கம் விமானப்படை, கோட்டைக்குள் இராணுவமும் மான்களும் கோணேசர் கோயிலுக்குப் போகும் சனமும். மைதானங்களில் எப்போதும் கிரிக்கெட். உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் படுத்திருப்பார்கள். ஓடுபாதையிலிருந்து நல்லாய் விலகிப் போனால்தான் மனச்சாட்சியோடு விடலாம்.

செய்யும் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கென்று ஏதாவது சிறப்பு இருந்தால் அது அதில்தான். பல்சா மரம் இங்கே கிடைக்காது. வெளிநாட்டு நுரைத் தகடு விலை. ஆனால் மீன் ஊரில் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிக்குப் பஞ்சமா? ஐஸ் போட்டு மீன் ஏற்றி, மூடி உடைந்து, ஒதுக்கிய பெட்டிகளைக் கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) எங்களுக்காக எடுத்து வைப்பார். நன்றாகக் கழுவி நாலு நாள் வெயிலில் வைத்தாலும் மணம் போகாது. எங்கள் விமானங்கள் விழுந்தால் முதலில் ஓடி வருவது பூனைதான். சூடான நிக்குரோம் கம்பியால் செட்டையின் வளைவை வெட்டி எடுப்போம். சுப்பர் குளூ ரெஜிபோமைக் கரைத்துவிடும், அதனால் பைண்டர் கம். அது காய நேரமெடுக்கும். காயும்வரை விளிம்புகளைப் பிடித்து வைத்திருக்க உடுப்புக் கிளிப். ஆக, கிளிப் எங்களிடமும் உண்டு, வேலைதான் வேறு. சேர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பி சைக்கிள் சில்லினது. செட்டை மடியாமல் நடுவில் மூங்கில். முழுக்கச் செலோடேப் சுற்றிவிட்டால் உப்புக்காற்றையும் கொஞ்சம் தாங்கும். உப்பு, எங்கள் நிரந்தர எதிரி. பற்றரி இணைப்பு பச்சை பிடித்து, ஆகாயத்தில் ஒரு கணம் மின்சாரம் அறுந்தால் போதும்.

காற்று அடுத்த எதிரி. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் நுரை விமானத்தை 30 கிலோமீற்றர் கச்சானுக்கு எதிராகத் திருப்பினால் அது செம்பருந்து மாதிரி ஏறக்குறைய ஓரிடத்தில் நிற்கும். பார்க்கப் பரவசம். அதே விமானத்தைக் காற்றோடு திருப்பினால் தரைக்கு 70. கொஞ்ச நேரத்தில் புள்ளியாகிவிடும். அப்போது அது நம்மைப் பார்க்கிறதா, நமக்கு முதுகைக் காட்டுகிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு இடம் வலம் மாறும் என்பது வேறு. நிலாவெளிப் பக்கம் கரையோரத்தில் ஒருமுறை நான் இப்படித்தான் ஒரு விமானத்தைக் கடலுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கரைவலைக்காரர் ஒருவர் அதைச் சாளையோடு சேர்த்து இழுத்தெடுத்துத் தேடிக் கண்டுபிடித்துத் தந்தார். மோட்டர் செத்திருந்தது. "நல்ல வேளை தம்பி, ஆளில்லாம போச்சு" என்றார் மனிதர், உண்மையான ஆறுதலோடு. அதற்குப் பிறகு கச்சான் காலத்தில் விடியற்காலை மட்டும்தான். ஏழரைக்கு மேல் ரிமோட்டைத் தொடுவதில்லை. நாங்கள் சேர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று விமானத்தையும் வானத்தையும் ஆட்களையும் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக விட்டவன் எப்போதும் எதையாவது காணாமல் விட்டிருப்பான்.

கடைசியாகச் சட்டம். இங்கேதான் அந்தப் பழைய கிளிப் பலகை மறுபிறவி எடுத்திருக்கிறது. ரேடியோக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருபவை. பறப்பவை 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருபவை. விமானியில்லாத வானூர்தி என்ற பேச்சு 1944 சிகாகோ உடன்படிக்கையின் 8ஆம் பிரிவிலேயே இருக்கிறது, பிறநாட்டு ஆகாயத்தில் அனுமதியில்லாமல் பறக்கக்கூடாது என்று. நெடுங்காலம் ரெஜிபோம் விமானத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நிலைமையை மாற்றியது கமெரா பூட்டிய நாலு விசிறி ட்ரோன். கல்யாண வீடுகளில் அது தலைக்கு மேல் வரத் தொடங்கியபின், பறக்கிற எல்லாம் ஒரே கண்ணால் பார்க்கப்பட்டன. எங்களைக் கண்ட எவரும் முதலில் கேட்பது இப்போதும் ஒன்றுதான்: "தம்பி, இதில கமெரா இருக்கோ?"

2019 ஏப்ரல் 17 அன்று இலங்கையின் முதல் செய்மதி 'ராவணா-1' சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பிய கப்பலில் ஏறியது. ஒரு கிலோச் சொச்சம் எடை, எங்கள் விமானத்தின் எடைதான். நாலு நாளில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். 25ஆம் திகதி ட்ரோன் உட்பட ஆளில்லா விமானங்கள் எல்லாவற்றையும் பறக்கவிடுவதற்கு நாடு முழுவதும் தடை வந்தது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கும் ஊரில், இராவணன் மேலே, நாங்கள் கீழே. அப்போது நாங்கள் விமானங்களைக் கூரைக்கடியில் கட்டித் தொங்கவிட்டோம். தடை தளர்ந்த பிறகு கொரோனா. பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு. 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது பற்றரி வாங்கும் நினைப்பே போய்விட்டது. அதைவிட, கிளிவெட்டிக்குப் போக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை.

ஆக இன்று பங்குபோட வேண்டியிருப்பது நிலமும் அனுமதியும். தனியாளாகப் போய் ஓர் அலுவலகத்தில் நின்றால், 'எந்தச் சங்கம்?' என்று கேட்பார்கள். என்னிடம் ஒருமுறை கேட்டது, மூன்று நாள் அலைந்த பிறகு. சங்கமென்றால் கடிதத்தலைப்பு, கடிதத்தலைப்பு என்றால் பெயர். பெயர் வைக்க இருந்த அன்று ஐந்து பேரில் மூவர் இராவணன் பெயரைச் சொன்னார்கள், ஒருவர் புஷ்பகம் என்றார். நான் கச்சான் என்று வைக்கலாம் என்றேன். கடலைக்கடை என்று நினைப்பார்கள் என்று தள்ளிவிட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் போக உறுப்பினர் இருவர்தான் மிஞ்சுவார்கள் என்பதும் ஒரு சங்கடம். படிவம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

நிலம் மட்டும் ஒருவழியாகச் சரிவந்தது. கிளிவெட்டிப் பக்கத்து வயல்காரர் ஒருவர் சிறுபோகம் வெட்டி முடிந்ததிலிருந்து பெரும்போக விதைப்பு வரை தன் வயலில் விடலாம் என்றார். வெட்டின வயலின் தாள்மேல் இறக்குவது மெத்தையில் இறக்குவது போல. வாடகை வேண்டாம் என்றவர், ஒன்று மட்டும் கேட்டார்: கதிர் முற்றுகிற நேரம் மயில்கள் வந்து நாசம் பண்ணுகின்றன, வந்து உந்தச் சாமானை மேலே விட்டுக் கலைத்துத் தர முடியுமா? முடியும் என்று வாக்குக் கொடுத்தோம். முதல்நாள் விமானம் தாழ்ந்து போனதும் மயில்கள் பதறியடித்துக்கொண்டு வரம்புக்கு அப்பால் ஓடின. வயல்காரர் கைதட்டினார். இரண்டாம் நாள் நடந்து போயின. மூன்றாம் நாள் ஒன்று மட்டும் தலையைச் சரித்து மேலே பார்த்தது, பிறகு கதிரைக் கொத்தத் தொடங்கியது.